விழிவில்லைத் தூய்மைக் கரைசல் தேர்வுக் குழு

குளிர்கிடங்குக் கழகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் எந்த இரசாயனமும் வரக்கூடாது என்று இன்னொரு விதி புதிதாக வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல விதிகள்தான். எந்த விதியும் தனியாக இருக்கும்வரை நல்ல விதிதான். இரண்டும் ஒரு நாள் சாயங்காலம் வாசலில் சந்தித்துக்கொண்டன. நடுவில் மாட்டிக்கொண்டவர் நம் ஓட்டுநர்.

ஓட்டுநருக்குப் பார்வை ரொம்பக் குறைவு. மூன்றடிக்கு அப்பால் மனிதர்கள் வெறும் நிறமாகத் தெரிவார்கள். முன்பெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஓட்டினார். கிடங்குக்குள்ளே உறைநிலைக்கும் கீழே இருபது டிகிரி. வெளியே ஏற்றுமேடையில் சுள்ளென்று வெயில். உள்ளேயிருந்து வெளியே வந்த கணமே கண்ணாடி பால்போல வெளுத்துவிடும். அப்படி வெளுத்த ஒரு நாள், நாற்பது வெண்ணெய்ப் பெட்டிகளை லாரியில் ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் இருந்த காற்றில் ஏற்றினார். மறுநாளே பாதுகாப்பு அதிகாரி சுற்றறிக்கை விட்டார்: குளிர் அறையில் கண்ணாடி அணிந்து வண்டி ஓட்டத் தடை. அதனால் ஓட்டுநர் கான்டாக்ட் லென்ஸுக்கு மாறினார்.

லென்ஸ் கொடுத்த கண்பரிசோதகர் அம்மா கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். நான்கு வகை லென்ஸ் தண்ணியைக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் சிவப்பு மூடி போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மற்றவற்றில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்து இவர் கண்ணுக்கு ஆகவில்லை. சிவப்பு மூடியில் அது கிடையாது. ஆனால் அதை நேராகக் கண்ணில் விட்டால் கண் எரிந்துபோகும். அதற்கென்றே உள்ள டப்பாவில் ஊற்றி, லென்ஸை ஆறு மணி நேரம் ஊறப்போட வேண்டும். டப்பாவின் அடியில் உள்ள சின்ன வில்லை அதன் காரத்தை முறித்துவிடும். "உங்க கண்ணுக்கு ஒத்துக்கிறது இதுதான். கடைக்காரன் வேற எதையாவது கொடுத்தா வாங்காதீங்க," என்று அவர் சொல்லியிருந்தார். இரண்டு நிமிடத்தில் முடிந்த பேச்சு அது. இதே முடிவை எடுக்க ஐந்து அதிகாரிகளுக்கு நான்கு மாதம் போதவில்லை என்பதுதான் இந்தக் கதை.

கழகத்தின் ஊழியர் குடியிருப்பு, கிடங்கு இருந்த அதே மதிலுக்குள் இருந்தது. ஆகவே ஓட்டுநரின் சமையலறை, படுக்கையறை, குளியலறை மூன்றும் சட்டப்படி வளாகம். புதுப் பாட்டிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவரை வாசல் காவலர் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார். அவர் கையில் அங்கீகரிக்கப்பட்ட இரசாயனங்களின் பட்டியல் இருந்தது. அதில் எலிப் பாஷாணம் இருந்தது, கழிவறை அமிலம் இருந்தது, துரு நீக்கி இருந்தது. எலிகளுக்காக முன்பே ஒரு குழு உட்கார்ந்து எழுந்திருந்தது. கண்ணுக்காக யாரும் உட்காரவில்லை. காவலர் நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் பறிமுதல் செய்தார். பதிவேட்டில் 'தண்ணீர் போன்ற ஒன்று, சிவப்பு மூடி' என்று எழுதினார். கழகத்தின் வழக்கப்படி சிவப்பு மூடி என்றால் அமிலம். பாட்டிலை அமில அறையில் வைத்துப் பூட்டி, கதவில் மண்டையோட்டுப் படம் ஒட்டினார்கள்.

வீட்டில் பழைய பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. ஒரு மாதத்துக்கு வரும். அது தீர்வதற்குள் அனுமதி வாங்கவில்லை என்றால் லென்ஸ் இல்லை. லென்ஸ் இல்லை என்றால் வண்டி இல்லை. வண்டியில் இருந்து இறக்கினால் பின்கட்டில் காலிச் சாக்கு எண்ணப் போட்டுவிடுவார்கள். ஓட்டுநருக்கு அந்த வண்டியின் இருக்கை என்றால் உயிர். பதினான்கு வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து அது அவர் அளவுக்குக் குழிந்திருந்தது. ஆறடி உயர அடுக்கின் உச்சியில் ஒரு பெட்டியை முட்டை வைப்பது போல வைத்துவிட்டு இறங்குவதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தைத் தவிர அவர் வாழ்க்கையில் கர்வப்பட வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

விண்ணப்பம் போட்டார். படிவத்தில் 'தேவைப்படும் அளவு (பீப்பாய்களில்)' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு பாட்டில் என்று எழுதினார். எழுத்தர் அதைத் திருப்பிக் கொடுத்து, கட்டத்தில் பின்னம் ஏறாது, குறைந்தது ஒன்று என்று போட வேண்டும் என்றார். ஓட்டுநர் ஒன்று என்று போட்டார். அதோடு விஷயம் அவர் கையை விட்டுப் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து 'விழிவில்லைத் தூய்மைக் கரைசல் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் துணைப் பொது மேலாளர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று சொல்வதால் அவருக்குப் பார்க்கலாம் ஐயா என்றே பெயர். பாதுகாப்பு அதிகாரி, சட்ட அதிகாரி, கொள்முதல் அதிகாரி, பண்டக அதிகாரி ஆகியோர் உறுப்பினர்கள். ஐந்து பேரில் ஒருவரும் லென்ஸ் போட்டதில்லை. அது ஒரு தகுதியாகவே கருதப்பட்டது. போட்டவராக இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் அல்லவா.

முதல் கூட்டத்தில் சட்ட அதிகாரி கணக்கிடும் கருவியோடு வந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு என்றால் ஒரு பீப்பாய் ஐம்பத்தைந்து வருடத்துக்கு வரும் என்று கண்டுபிடித்தார். ஓட்டுநருக்கு இன்னும் பதினாறு வருடம்தான் பணி பாக்கி. மீதி முப்பத்தொன்பது வருடம் இவர் கழகத்தின் அனுமதியோடு எதைப் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறார் என்று கேட்டார். ஓட்டுநர் படிவத்தின் கட்டத்தைப் பற்றிச் சொல்லப் பார்த்தார். குழு அதைக் குறித்துக்கொண்டு, படிவத்தைத் திருத்துவது பற்றி ஆராய ஒரு துணைக் குழு அமைத்தது.

தன் கண்ணுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று கண்பரிசோதகர் அம்மா எழுதிக் கொடுத்த சீட்டை ஓட்டுநர் நீட்டினார். தலைவர் அதை வாங்காமலே பேசினார்.

"இங்க பாருப்பா. உன் கண்ணு உன் கண்ணுன்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்க. வீட்டுல இருக்கும்போது அது உன் கண்ணு. வேலை நேரத்துல அது கழகத்தோட கண்ணு. கழகத்தோட கண்ணுக்கு எது நல்லதுன்னு கடைத்தெருவுல இருக்கிற ஒரு அம்மா முடிவு பண்ண முடியுமா? அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?"

எதற்கு இருக்கிறார்கள் என்று ஓட்டுநருக்கும் தெரியவில்லை. 

குழுவுக்கு ஒரே ஒரு முன்னுதாரணம்தான் தெரியும். போன வருடம் தரை மெருகு வாங்கியபோது, தாழ்வாரத்தின் ஒரு பாதியில் ஒன்றையும் மறு பாதியில் மற்றொன்றையும் தேய்த்துப் பார்த்து முடிவு செய்திருந்தார்கள். அதே முறையில் நீல மூடிக் கரைசல் இடது கண்ணுக்கும் சிவப்பு மூடி வலது கண்ணுக்கும் ஒதுக்கப்பட்டன. மூன்றாவதாக வெறும் உப்புநீர் ஒன்றும் போட்டியில் இருந்தது. கண் இரண்டுதான் என்பதால் பாதுகாப்பு அதிகாரி பெருந்தன்மையோடு தன் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்து உதவினார்.

ஐந்தாம் நாள் ஓட்டுநரின் இடது கண் தக்காளிபோலச் சிவந்து நீராகக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வலது கண் சும்மா இருந்தது. பாதுகாப்பு அதிகாரியின் மூக்குக்கண்ணாடியோ உப்புநீரில் கழுவியதில் பளிச்சென்று ஆகிவிட்டது. குழு மூன்றையும் மாறி மாறிப் பார்த்தது. இடது கண்ணில் விளைவு தெரிகிறது, ஆனால் அது புகார் செய்யும் சுபாவம் உள்ளது. வலது கண்ணில் ஒரு விளைவும் இல்லை, ஆகவே கரைசல் வேலை செய்ததற்கு ஆதாரமில்லை. மூக்குக்கண்ணாடியில் விளைவும் உண்டு, புகாரும் இல்லை என்று அறிக்கை தயாரானது. உப்புநீர் ஏகமனதாகத் தேர்வு பெற்றது.

உப்புநீர் லென்ஸை அலசத்தான் செய்யும், கிருமியைக் கொல்லாது, அதில் ஊறவைத்துப் போட்டால் கருவிழியில் புண் வரும் என்று கண்பரிசோதகர் அம்மா சொல்லி அனுப்பினார். ஓட்டுநர் அதைக் கைகட்டி நின்று சொன்னார்.

"கிருமியா?" என்றார் தலைவர். "மைனஸ் இருபதுல மீனே கெட மாட்டேங்குது. உன் கண்ணு கெட்டுடுமா?"

ஒரு வாரத்தில் உப்புநீர் ஒரு பீப்பாய் வந்து இறங்கியது. அதை ஏற்றுமேடையிலிருந்து பண்டக அறைக்கு எடுத்துப் போனது ஓட்டுநரின் வண்டிதான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பழைய பாட்டிலில் அன்றோடு தண்ணி தீர்ந்திருந்தது.

மனைவி ஒரு குழுவும் போடவில்லை. வாசலுக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கம், அவள் தம்பி சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். "உள்ள கொண்டுவரத்தானே கூடாது? வெளியிலயே வெச்சுக்கோங்க," என்றாள். அன்றிலிருந்து ஓட்டுநர் வேலை முடிந்ததும் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு மச்சான் கடைக்குப் போவார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, லென்ஸைக் கழற்றித் தேய்த்து அலசி டப்பாவில் போட்டு, சிவப்பு மூடியை ஊற்றுவார். அது சோடாபோலப் பொங்கும். மச்சான் அதை டியூப் அடுக்குக்கு மேலே, கை படாத உயரத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். ஓட்டுநர் மதிலுக்கு உள்ளே தூங்குவார். கண் மதிலுக்கு வெளியே தூங்கும். காலையில் போய் மாட்டிக்கொண்டு வருவார். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. இடது கண்ணும் கோபம் தணிந்தது.

யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு நாள் காலை வாசலில் பாதுகாப்பு அதிகாரியே நின்றிருந்தார். ஓட்டுநரின் பையைத் தொடவில்லை. டார்ச் விளக்கை எடுத்து நேராகக் கண்ணில் அடித்தார்.

"அந்த லென்ஸ்ல ஈரம் இருக்கா?"

"லென்ஸ்னா ஈரம் இருக்கத்தானே சார் செய்யும்."

"அந்த ஈரம் எந்தப் பாட்டிலோட ஈரம்?"

ஓட்டுநர் சாலையின் அந்தப் பக்கம் மச்சான் கடையைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்களுக்கு இந்தக் கழகத்தில் அதிக வேலை நடப்பதில்லை. அங்கீகரிக்கப்படாத இரசாயனத்தை இரு விழிகளிலும் மறைத்து வைத்து வளாகத்துக்குள் கடத்த முயன்றதாகக் குற்றக் குறிப்பாணை தயாரானது. விசாரணை முடியும்வரை, தினமும் நுழையும்போது லென்ஸ்களைக் கழற்றி வாசலில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. ஓட்டுநர் உப்புநீர் ஊற்றிய டப்பாவில் போட்டு ஒப்படைப்பார். காவலர் அடையாளமாக, கண்ணுக்கு ஒன்று வீதம், இரண்டு பித்தளை வில்லைகள் கொடுப்பார். வெளியே போகும்போது வில்லைகளைக் கொடுத்துக் கண்களை வாங்கிக்கொள்ளலாம். ஓட்டுநரைக் கண்ணாடியோடு பெட்டிக் கணக்கு மேசையில் உட்கார வைத்தார்கள். வண்டி, உறை போர்த்தப்பட்டு ஓரமாக நின்றது. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவார். போனால் மனசு கேட்காது.

அந்த வாரத்தில்தான் வருடாந்திரக் கண் பரிசோதனை வந்தது. தேறினால் வண்டி, இல்லாவிட்டால் சாக்கு. கழகத்தின் மருத்துவர் வருடத்துக்கு இரண்டு நாள் வருவார். சுவரில் தொங்கிய எழுத்து அட்டை பதினொரு வருடமாக அதேதான். கழகத்தில் அது எல்லோருக்கும் மனப்பாடம், சமையல்காரர் உட்பட. அங்கீகரிக்கப்பட்ட சாதனத்தோடுதான் பரிசோதிக்கலாம். கண்ணாடிக்குத் தடை, லென்ஸ் வாசலில். ஆகவே ஓட்டுநர் வெறுங்கண்ணோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேல இருக்கிற பெரிய எழுத்து என்ன?"

"தெரியல சார்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரியலன்னா நான் ஒன்பது பக்கம் எழுதணும். மேலதிகாரிக்கு ஒண்ணு, மருத்துவக் குழுவுக்கு ஒண்ணு. தெரியுதுன்னா ஒரு கையெழுத்துதான். யோசிச்சுச் சொல்லுப்பா."

"அட்டையே தெரியல சார்."

மருத்துவர் தானே ஆறு வரிகளையும் கடைசி எழுத்துவரை கடகடவென்று படித்தார். பிறகு, சரிதானே என்று கேட்டார். நீங்கள் படித்தால் சரியாகத்தான் இருக்கும் என்றார் ஓட்டுநர். 'இரு கண்களிலும் முழுப் பார்வை. துணைச் சாதனம் எதுவும் தேவையில்லை' என்று மருத்துவர் எழுதி முத்திரை குத்தினார்.

பார்க்கலாம் ஐயாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. குழுவின் இறுதி அறிக்கை அன்றே வெளியானது. தொடர் முயற்சியின் பயனாக, கரைசல் தேவைப்படும் நிலையிலிருந்து லென்ஸே தேவைப்படாத நிலைக்கு ஊழியர் உயர்த்தப்பட்டிருப்பதாக அதில் கண்டிருந்தது. குற்றக் குறிப்பாணை கருணையோடு ரத்து செய்யப்பட்டது. வரும் திங்கட்கிழமை 'இரசாயனமில்லாக் குளிர் அறை' திறப்பு விழா. ஓட்டுநர் வெறுங்கண்ணோடு வண்டி ஓட்டித் தொடங்கி வைப்பார்.

ஞாயிறு சாயங்காலம் ஓட்டுநர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஓட்டப் போறீங்களா?"

"ஓட்டலன்னா சாக்குதான். சான்றிதழே கொடுத்துட்டாங்க. கண்ணு தெரியலன்னு சொன்னா, ஏமாத்தினேன்னு திரும்பவும் என் மேலயே குறிப்பாணை பாயும்."

"இருக்கை போனாப் போகட்டும். அங்க சுமை தூக்குற பொண்ணுங்க குறுக்கயும் நெடுக்கயும் நடக்கும். ஒருத்திய இடிச்சுட்டீங்கன்னா அப்புறம் நாம யார் முகத்துல முழிக்கிறது?"

ஓட்டுநருக்குப் பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று, ஆளை இடித்துவிடுவோம் என்ற பயம் ஒன்று. இரண்டில் இரண்டாவது பெரியது என்று தெரிந்தபிறகு அவருக்குக் கொஞ்சம் பசித்தது.

திங்கட்கிழமை குளிர் அறை வாசலில் நாடா கட்டியிருந்தது. அதிகாரிகள் ஐவரும் தடித்த குளிர்ச்சட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய் நின்றார்கள். அடுக்குகளுக்கு நடுவே பாதை குறுகல், கோடியில் சுவர். சுமை தூக்கும் பெண்கள் நான்கு பேரையும் படத்துக்காகப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்தார்கள். தலைவர் பேசினார். வாயிலிருந்து புகை புகையாக வந்தது. பாதுகாப்பு என்பது காகிதத்தில் இருக்கக்கூடாது, உள்ளத்தில் இருக்க வேண்டும் என்றார். இந்த ஊழியரின் கண்கள்மீது கழகத்துக்கு முழு நம்பிக்கை இருக்கிறது, அதைக் காட்டவே வண்டியின் முன்னால் நாங்கள் நிற்கிறோம் என்றார். வண்டி எங்களை நோக்கி வரட்டும், புகைப்படக்காரர் தயாரா என்று கேட்டார்.

ஓட்டுநர் தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். இரண்டு இரும்புக் கைகளும் இடுப்பு உயரத்துக்கு எழுந்தன. எதிரே நீலமாகவும் சாம்பலாகவும் ஏதோ அசைந்தது. இதுதான் கடைசி முறை இதில் உட்காருவது என்று நினைத்துக் குழிந்த இருக்கையை ஒரு முறை தடவினார். ஆனாலும் கேட்டார்.

"ஐயா, எதிர்ல நீங்க எத்தனை பேர் நிக்கிறீங்க?"

தலைவர் படத்துக்காகச் சிரித்தபடியே நின்றார்.

"மனுஷங்க எது, பெட்டி எதுன்னு எனக்குத் தெரியல ஐயா. வெறுங்கண்ணுல நான் குருடன் மாதிரிதான். டாக்டர் சார்தான் அட்டையைப் படிச்சாரு. ஓட்டச் சொல்லி நீங்க உத்தரவு போட்டா ஓட்டுறேன். ஓட்டட்டுமா?"

பாதுகாப்பு அதிகாரி பின்னால் ஒரு அடி வைத்தார், சுவர் இடித்தது. சட்ட அதிகாரி, இதில் சட்டப்படி தான் நிற்க வேண்டிய அவசியமில்லை என்று மெல்லிய குரலில் சொன்னார். தலைவர்தான் முதலில் கூவினார்.

"வண்டியை அணைப்பா! லென்ஸைப் போட்டுக்கிட்டு வா!"

ஓட்டுநர் அணைத்தார். "அனுமதி இல்லையே ஐயா."

"கொண்டா பேனாவை." குளிரில் பேனாவில் மை உறைந்திருந்தது. புகைப்படக்காரர் ஒரு பென்சில் கொடுத்தார். மீன் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதைச் சட்ட அதிகாரியின் முதுகில் வைத்து, தலைவர் எழுதினார்: 'ஓட்டுநர் லென்ஸ் அணியலாம்.' எழுதிவிட்டு நிமிர்ந்து, "எந்தத் தண்ணில கழுவுறதுன்னு போடணும்?" என்று கேட்டார்.

"என் கண்ணுக்கு ஒத்துக்கிறதுன்னு போடுங்க ஐயா."

அப்படியே போட்டார். பீப்பாய், மூடி நிறம், மாதிரி எதையும் கேட்கவில்லை. ஐந்து கையெழுத்தும் விழ ஒரு நிமிடம் ஆகவில்லை.

ஓட்டுநர் கொடுத்த பித்தளை வில்லைகளோடு வாசலுக்கு ஓடிய காவலர் லென்ஸ் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓட்டுநர் வெளியே குழாயடியில் கையைக் கழுவி, துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே வந்து ஏறினார். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பெட்டிகள் தெரிந்தன. தரையில் பனி தெரிந்தது. சுமை தூக்கும் பெண்கள் நான்கு பேரும் பாதையின் நடுவில் வரிசையாக நின்றார்கள். அவர்களை முன்னால் நகர்த்திவிட்டு, அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஐந்து அதிகாரிகளும் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள்.